சீர் நாற்காலியும் பத்து நொடி டைமரும்: ஒரு திருநம்பியின் தன்னுருவப் படங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

2022 கடைசியிலிருந்து 2023 நடுப்பகுதி வரை, மேற்குத் தமிழகத்தின் ஒரு நகரத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பால்புதுமையருக்காக, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் போன்றோருக்காக நடந்த சிறிய புகைப்படப் பயிற்சி அது. கேமரா, லைட் சம்பந்தமானதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பயிற்சியை ஒருங்கிணைத்தவர் என் தோழி. சம்பந்தப்பட்டவர் இதைப் படித்துப் பார்த்து, வெளியிடலாம் என்று சொன்ன பிறகுதான் இது வெளியே வருகிறது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

தம்பிக்கு இருபது தாண்டிய வயது. ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா என்று வருகிற படங்களை வெட்டி, ஒட்டி, முகத்தை வழுவழுப்பாக்கி, பின்னால் ஓர் அருவியையோ அரண்மனையையோ வைத்துப் பக்கம் பக்கமாக அடுக்குவார். "கொஞ்சம் கலராக்கிக் குடுங்க" என்பதுதான் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்பது. நடுநடுவே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பார்.

அவர் திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதியப்பட்ட ஆண். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் வீடு, அங்கே அம்மாவும் அக்காவும். மாதம் ஒருமுறை போய்வருவார். சட்டை, பேன்ட், கிராப் எல்லாம் ஸ்டுடியோ வேலைக்கு வசதி என்று வீட்டில் சொல்லியிருந்தார். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பல வீடுகளில் இந்த ஏற்பாடு வருடக்கணக்கில் ஓடுவதுண்டு.

பயிற்சிக்கு அவர் வந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று சொல்ல முடியாது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வந்தது, அதற்கான விதிகள் 2020இல். அந்த விதிகளின்படி அப்போது உறுதிமொழிப் பத்திரத்துடன் இணையத்தில் விண்ணப்பித்தால், மருத்துவப் பரிசோதனை ஏதும் இல்லாமல் மாவட்ட ஆட்சியரிடமிருந்து அடையாளச் சான்றிதழ் பெற முடிந்தது. விண்ணப்பத்துக்கு ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுத்தவரிடம், கொடுப்பதற்குத் தன்னுடைய படம் ஒன்றுகூட இல்லை.

இருந்தவை இரண்டு. ஒன்று, இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாகப் பள்ளி அடையாள அட்டை. இன்னொன்று, அவர் வயதுக்கு வந்தபோது நடந்த விசேஷத்தின் படம். பட்டுப் பாவாடை தாவணி, கழுத்தில் மாலை, சிவப்பு வெல்வெட் சிம்மாசன நாற்காலி. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் தாய்மாமன், முன்னால் சீர் தட்டுகள், பின்னால் பெரிய எழுத்தில் பழைய பெயர் போட்ட ஃப்ளெக்ஸ். 20க்கு 30 அங்குலத்தில் லேமினேட் செய்து வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வருகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான்.

இதே மாதிரி ஆல்பங்களை வாராவாரம் டிசைன் செய்வதுதான் அவருடைய பிழைப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் கவனித்தவை

முதலில் அவர் கொண்டுவந்தவை எல்லாம் போனில் எடுத்த செல்ஃபிகள். எல்லாப் படமும் காறையெலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே உடம்பே கிடையாது. தாடை விளிம்பைக் கணினியில் கூர்மையாக்கியிருந்தார், கன்னத்தில் லேசாகத் தாடி நிழல் வரைந்திருந்தார். கல்யாணப் பெண்களுக்குச் செய்யும் அதே கைவேலைதான், திசை மட்டும் வேறு. வேலை சுத்தமாகவும் இருந்தது.

இதைப் பற்றி உடனே எதுவும் சொல்ல வேண்டாம் என்று தோழியும் நானும் முடிவு செய்தோம். இயல்பாக எடு, ஃபில்டர் போடாதே என்று சொல்வது சுலபம். தன் முகம் என்று ஏற்றுக்கொள்ளும்படி ஒரு படமும் இல்லாதவருக்கு, அந்தத் திருத்தங்கள் தன்னை வரைந்து பார்க்கும் முயற்சி. அதைப் பிடுங்கிவிட்டு எதைக் கொடுப்பது? கொஞ்ச நாளில் அவரே ஒரு படத்தைக் காட்டி, "இது நான் இல்லண்ணா, நல்லா காசு குடுத்த கஸ்டமர் மாதிரி இருக்கு" என்றார். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கியது.

இரண்டாவது, மூச்சு. லைட் ஸ்டாண்டைத் தூக்கி வைப்பதற்குள் அவருக்கு இளைத்தது. மார்பைத் தட்டையாகக் காட்டுவதற்கு, சுளுக்குக்குக் கட்டும் எலாஸ்டிக் பேண்டேஜைக் காலையிலிருந்து இறுக்கிச் சுற்றியிருந்தார். அந்தத் துணி மூச்சுக்கு ஏற்ற மாதிரி விரிந்து கொடுக்காது. நேரமாக ஆக இறுக்கம்தான் கூடும். விலா வலியும் மூச்சுத் திணறலும் வரும், விலா எலும்புக்கே சேதம் வரலாம். இதற்கென்றே தைக்கப்படும் பைண்டரைக்கூட ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம், போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தோழி இதைப் பேசினார். படம் எடுக்கும் நாட்களில் பேண்டேஜ் கட்டுவதில்லை, பெரிய சைஸ் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. பைண்டர் வரவழைத்தோம்.

மூன்றாவது விஷயத்தை அவரே ஒரு வேடிக்கையாகத்தான் காட்டினார். சீர் படத்தை அவர் முன்பு போனில் படமெடுத்து வைத்திருந்தார். போனில் இருந்த படத் தொகுப்புச் செயலி, முகம் பார்த்துப் பிரிக்கும் வேலையில், புதிய செல்ஃபிகளையும் அந்தச் சீர் படத்தையும் ஒரே ஆள் என்று சேர்த்து, பழைய பெயரின் கீழ் அடுக்கியிருந்தது. பத்து வருடம், தலைமுடி, உடை எதுவும் அதை ஏமாற்றவில்லை. அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததும் அந்தப் பெயரைப் பதிந்ததும் அக்கா. கடவுச்சொல் அவரிடமும் இருந்தது. எடுக்கும் ஒவ்வொரு படமும் தானாக அங்கே ஏறிக்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகள்

போனை நிறுத்தினோம். பழைய படங்களைக் கணக்கிலிருந்து ஒட்டுமொத்தமாக அழித்தால் அதுவே கண்ணில் படும் என்பதால், தானியங்கிப் பதிவேற்றத்தை மட்டும் அணைத்தோம். இனி எடுப்பது கேமராவில், சேமிப்பது தனி ஹார்ட் டிஸ்கில்.

எங்கே எடுப்பது என்பதற்கு விடை அவர் வேலை செய்த இடத்திலேயே இருந்தது. கடை சாத்திய பிறகு ஸ்டுடியோவைப் பயன்படுத்தலாமா என்று முதலாளியிடம் கேட்டார். சொந்தப் பயிற்சிக்கு என்றார், அது பொய்யும் இல்லை. ஏசி போடக்கூடாது, கடைப் பெயர் படத்தில் விழக்கூடாது என்று சொல்லி முதலாளி சாவியைக் கொடுத்தார். வகுப்பில் அப்போது சாமுவேல் ஃபோஸோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில், 1975இல், பதின்மூன்று வயதில் ஸ்டுடியோ தொடங்கியவர். பகலில் வாடிக்கையாளர்களை எடுத்துவிட்டு, ஃபிலிம் சுருளில் மிச்சமிருந்ததில் இரவில் தன்னையே விதவிதமான உடையில் எடுத்து, நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார். தம்பிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம லைன்காரர்" என்றார்.

தன்னைத்தானே எடுப்பதில் பெரிய சிக்கல் ஃபோகஸ். நிற்கப்போகும் இடத்தில் ஒரு லைட் ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் ஃபோகஸ் வைத்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, தரையில் டேப் ஒட்டிவிட்டு ஸ்டாண்டை எடுத்துவிட வேண்டும். லென்ஸின் திறப்பைச் சுருக்கி அப்பர்ச்சர் எஃப் 8 வைத்தால் ஓர் அடி முன்பின் ஆனாலும் முகம் தெளிவாக வரும். டைமர் பத்து நொடி. அழுத்திவிட்டு ஓடிப்போய் டேப்பில் நிற்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆரம்பத்தில் பெரும்பாலான படங்களில் அவர் இன்னும் வந்து சேராதவராகவே இருந்தார்: ஒரு கால் தரையில் படாமல், சட்டைக் காலரை இழுத்துக்கொண்டு, வாய் ஏதோ சொல்லிக்கொண்டு. எதையும் அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மொத்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். ஆணாகவோ பெண்ணாகவோ போஸ் கொடுக்க அவற்றில் அவகாசமே இல்லை. ப்ளூடூத் ரிமோட்டும் வாங்கிப் பார்த்தோம். எதையோ கைக்குள் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி தெரிகிறது என்று டைமருக்கே திரும்பிவிட்டார்.

நானே ஷட்டரை அழுத்துகிறேன் என்று தோழி சொன்னபோது, அப்படி எடுத்தால் அது தன்னுருவப் படமா என்ற விவாதம் வந்தது. கிளாட் காஹுன் இந்த இடத்தில் உதவினார். 1894இல் பிரான்சின் நான்ட் நகரில் பிறந்தவர். மொட்டைத் தலையோடும் பளுதூக்கும் வீரர் வேடத்திலும் பொம்மை மாதிரியும் தன்னை எடுத்துக்கொண்டவர். அந்தப் படங்களில் பலவற்றுக்குக் கேமராவின் பின்னால் நின்றது அவருடைய வாழ்க்கைத் துணை மார்செல் மூர் என்றே கருதப்படுகிறது. 1937இல் இருவரும் ஜெர்சி தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பியதற்காக 1944இல் கைதாகி, இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றப்படவில்லை. இவ்வளவும் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு அது சரி, எனக்கு ரூம்ல ஆள் இருந்தா கை எங்க வைக்கறதுன்னே தெரியாது" என்றார் தம்பி. அதன்பின் அவர் எடுக்கும்போது அறையில் யாரும் இருப்பதில்லை.

திருத்தம் பற்றிய விதியை அவரே போட்டுக்கொண்டார். தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜனேலே முஹோலி, தன் உருவப் படங்களில் கான்ட்ராஸ்டை வேண்டுமென்றே கூட்டித் தோலின் கருமையை ஆழமாக்குவார். துணி கிளிப்பும் பாத்திரம் தேய்க்கும் நாரும்தான் பல படங்களில் அவருக்கு நகையும் கிரீடமும். அதைப் பார்த்த அன்று தம்பி அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம், தோலின் நிறத்தை ஏற்றுவதும் இல்லை இறக்குவதும் இல்லை, தாடை எப்படி இருக்கிறதோ அப்படியே என்று சொன்னார்.

சீர் படம்

மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டது இதுதான். வீட்டுக் கூடத்துப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, புதிய படம் ஒன்றின் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். அவருடைய சொந்தப் படம்தானே, யாரைக் கேட்க வேண்டும்? ஆனால் அதில் அம்மா இருக்கிறார், மாமன் இருக்கிறார், ஓரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸில் பழைய பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கின்றன. முகங்களை மங்கலாக்கலாம் என்றேன். பேப்பரில் குற்றவாளிகளைப் போடுகிற மாதிரி அம்மாவைப் போட முடியாது என்று மறுத்துவிட்டார். சரியான மறுப்பு.

அப்புறம் வந்த யோசனை, அந்தக் காட்சியையே திரும்ப அமைப்பது. பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா 2000க்கும் 2004க்கும் இடையில் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, பழைய ஓவியங்கள், சினிமா ஸ்டில்கள், காலனிய கால மானுடவியல் படங்களில் வரும் பெண் உருவங்களைத் தானே நடித்துத் திரும்ப எடுத்திருக்கிறார். பார்த்த படத்துக்குள் தானே போய் உட்காரும் அந்த வழி தம்பிக்கு ஒத்துவந்தது.

பந்தல்காரரிடம் அதே மாதிரி சிம்மாசன நாற்காலி வாடகைக்குக் கிடைத்தது. முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் வாடகை குறைவு, டெம்போவுக்குத்தான் அதிகம் ஆயிற்று. மூன்று தட்டுகளில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. பட்டுச் சேலை இருக்க வேண்டிய இடத்தில் வேட்டி சட்டை, வளையலுக்குப் பதில் ஷேவிங் செட், அதன் பக்கத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீது. பின்னால் எழுத்தில்லாத வெள்ளைத் துணி. இருபுறமும் யாரும் இல்லை. மாலை வேண்டாம் என்றார்: "ஸ்டுடியோல மாலை போட்ட போட்டோன்னா செத்தவங்க போட்டோதான்."

பல படங்கள் எடுத்தார். நிமிர்ந்து பார்ப்பது, கால்மேல் கால், மீசையை முறுக்குகிற பாவனை. கடைசியில் தேர்ந்தெடுத்தது, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது டைமர் முந்திக்கொண்ட ஒன்றை.

யாருக்குக் காட்டுவது

பயிற்சியில் சேரும்போது எல்லோரிடமும் ஒரே ஒப்புதல் படிவம் வாங்கப்பட்டிருந்தது. படம் எடுக்க, வைத்துக்கொள்ள, காட்சிக்கு வைக்க, இணையத்தில் போட என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரே கையெழுத்து. தம்பியின் விஷயத்தில் தோழி அதைக் கிழித்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டார். எடுப்பதற்கு ஆம். அரங்கில் வைப்பதற்கு ஆம், பெயர் இல்லாமல். அச்சு, இணையம் இரண்டுக்கும் இல்லை.

முகம் தெரியலாமா என்பதில் தோழிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது தோழியின் கவலை. முகம் இல்லாவிட்டால் அது வேறு யாரோ, அதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்பது அவர் கேள்வி. அவர் சொன்னபடியே நடந்தது. முன்னேற்பாடாக, தேவைப்பட்டால் தங்குவதற்கு ஒரு நண்பர் வீடு பேசி வைத்தோம். ஒரு வழக்கறிஞரிடமும் சொல்லி வைத்தோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் 7 ஜூன் 2021 உத்தரவின் நகலைத் தம்பி பையில் வைத்துக்கொண்டார். மதுரையிலிருந்து வெளியேறிய இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்தது. காணவில்லை என்று குடும்பத்தார் புகார் கொடுத்தாலும், தேடப்படுபவர்கள் வயது வந்த பால்புதுமையர், சொந்த விருப்பத்தில்தான் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொல்லை கொடுக்காமல் போலீஸ் புகாரை முடித்துவைக்க வேண்டும் என்கிறது அது. அந்த நகல் தேவைப்படவில்லை.

காட்சியும் பிறகு நடந்ததும்

2023 ஜூனில், ஒரு சின்ன அரங்கில், வார இறுதியில் காட்சி நடந்தது. டைமர் படங்களின் முன்னால் ஆட்கள் சிரித்தார்கள், நாற்காலிப் படத்தின் முன்னால் நின்றார்கள். புகைப்படம் எடுக்க வேண்டாம் என்று வாசலில் எழுதி வைத்திருந்தோம். யாரோ ஒருவர் எடுத்தார். கெட்ட எண்ணம் இல்லை, நெஞ்சைத் தொட்டது என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அதைப் பார்த்தவர்களில் தம்பியின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி. அன்று இரவே அது அக்காவின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா கூப்பிட்டதும் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சேர் எங்க புடிச்ச?" என்பது. பிறகு அழுதார். அப்புறம் சொன்னதுதான் நாங்கள் எதிர்பாராதது. மாதக்கணக்கில் அந்தக் கணக்கில் ஏறிய படங்களை அவர் அப்போதே பார்த்திருக்கிறார். படத் தொகுப்பில் தான் பதிந்த பழைய பெயரைத் தானே எடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும்தான். தம்பி போனைத் திறந்து பார்த்தார். அந்த முகத் தொகுப்பின் கீழே பெயர் இல்லை.

அம்மாவுக்கு அக்காதான் சொன்னார். ஒரு வாரம் கழித்து அம்மா பஸ் ஏறி நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். கோபம் சட்டை பற்றியோ கிராப் பற்றியோ இல்லை. அதெல்லாம் அவருக்கு எவ்வளவோ நாளாகத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. "நகையை அடகு வெச்சு செஞ்ச விசேஷம். அப்பா இல்லாத புள்ளைன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு செஞ்சது. அதைப் போய் கேலி பண்ணிட்டியே" என்றார். முகங்களின் ஒப்புதலைப் பற்றி அத்தனை நாள் பேசியதில், அந்த விசேஷம் யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை. அம்மாவின் முகம் இல்லாத படத்திலும் அம்மாவின் உழைப்பு இருந்தது. கேலி செய்ய எடுக்கவில்லை என்று தம்பி சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

தாய்மாமன் பேச்சை நிறுத்திவிட்டார். முதலாளி சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், வேலை அப்படியே தொடர்கிறது. வீட்டுக் கூடத்துப் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விண்ணப்பத்தோடு முதலில் போன போட்டோவை மாற்றச் சொன்னார்கள். வெள்ளைத் துணியை மாட்டி, டைமர் வைத்து, தம்பியே புதிதாக எடுத்துக் கொடுத்தார். சான்றிதழ் வந்தது.

பயிற்சியில் மாறியவை

ஒப்புதலைப் படிப்படியாகக் கேட்பது இப்போது எல்லோருக்கும் பொது. எந்தப் படியிலிருந்தும் பின்வாங்கலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேமராவைத் தொடும் முன், முதல் வகுப்பிலேயே போனைத் திறந்து யார் கணக்கு, வேறு எந்தச் சாதனத்தில் திறந்திருக்கிறது, இருப்பிடம் பதிவாகிறதா என்று பார்க்கிறோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதோடு ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவல் போய்விடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே சேர்ந்து போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காட்சிக்கு வருகிறவர்களின் போனை வாசலில் பையில் போட்டு முத்திரை ஒட்டித் தருகிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

கோப்புகளின் ஒரு பிரதி எடுத்தவரிடம், இன்னொன்று அவர் சொல்லும் ஆளிடம். 2012இல் கேப்டவுனில் முஹோலியின் வீட்டில் திருடு போனபோது பல வருட வேலை இருந்த ஹார்ட் டிஸ்குகள் போய்விட்டன. பயிற்சி நடத்துகிறவர்கள் பிரதி வைத்துக்கொள்வதில்லை.

பழைய குடும்பப் படங்களைத் தொடும் எவரிடமும், படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அந்த நிகழ்ச்சியை யார் செலவு செய்து நடத்தினார்கள் என்றும் கேட்கிறோம். வேண்டாம் என்று தடுப்பதற்காகக் கேட்பதில்லை. அந்த ஆளிடம் முன்கூட்டியே பேசலாமா வேண்டாமா என்பதை எடுப்பவர் யோசிப்பதற்காக.

முகம் விஷயத்தில் தோழியும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அடுத்த முறையும் முகம் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன் என்கிறார் அவர். என்னைக் கேட்டால், சிக்கல் வந்தது பார்வையாளரின் போனால். முகத்தை மறைத்திருந்தாலும் அந்த நாற்காலியை வைத்தே அக்கா கண்டுபிடித்திருப்பார்.

பிறகு வேறு ஊர்க் காட்சி ஒன்றுக்குத் தம்பியிடம் படங்கள் கேட்டார்கள். டைமர் படங்களை அனுப்பினார். நாற்காலிப் படத்தை அனுப்பவில்லை. அம்மாவிடம் கேட்டிருப்பதாகவும், அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் அவர்களுக்கு எழுதினார்.